இரைச்சல் – 23: காதை அடைத்தால் பாட்டு கேட்கும்

ஹார்லி டேவிட்சன் ஸ்ட்ரீட் கிளைடில் ஸ்பீக்கர் மாற்றும் கதையைப் போன வாரம் பாதியில் விட்டேன். முன்னால் காற்றைத் தடுக்க விரிந்த ஓடான ‘பேட்விங்’ ஃபேரிங், அதற்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர், எதிரே காற்று: இவ்வளவு ஞாபகம் இருந்தால் போதும். இந்த வாரம் ஆம்ப்ளிஃபயர் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தேன். ஆனால் நடுவில் கார்ல் கிரைட்டர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

கிரைட்டர் அமெரிக்க உளவியலாளர். ஹார்வர்டின் உளஒலியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு விமானத்துக்குள் இருப்பவன் காதில் ஆணை எப்படி விழும் என்பதுதான் அந்தக் கூடத்தின் தலைவலி. இரைச்சலில் காது கெட்டுப்போகிறது. சரி, அடைப்பான் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் அதிகாரி கத்துவது கேட்காதே? யாரிடம் கேட்டாலும் கேட்காது என்றுதான் சொல்லியிருப்பார்கள். கிரைட்டர் சோதித்துப் பார்த்து 1946-இல் வெளியிட்ட முடிவு வேறு. அமைதியான இடத்தில் அடைப்பான் பேச்சைக் கெடுக்கிறது, அதில் சந்தேகமில்லை. பேரிரைச்சலில் மட்டும் கதை தலைகீழ்: காதை அடைத்துக்கொண்டவர்களுக்குப் பேச்சு அதே அளவு புரிந்தது, பல சமயம் இன்னும் நன்றாகவே புரிந்தது.

இதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

அடைப்பான் இரைச்சலையும் குறைக்கிறது, பேச்சையும் குறைக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள விகிதம் அப்படியே இருக்கிறது. அப்புறம் எங்கிருந்து தெளிவு வருகிறது? காதிலிருந்துதான். சத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் உள்காது திணறி, தானே ஒலியைத் திரிக்க ஆரம்பிக்கிறது. சுமையை இறக்கிவிட்டால் திணறல் போய்விடுகிறது. உச்சி வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டவனுக்கு எதிரே வரும் பஸ்ஸின் போர்டு தெரிகிற மாதிரி. இதில் இரண்டு விதிவிலக்கு. ஏற்கெனவே காது மந்தமானவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. இன்னொன்று வேடிக்கை: பேசுகிறவரும் காதை அடைத்திருந்தால், தன் குரல் தன் தலைக்குள்ளேயே முழங்குவதால், அறியாமல் குரலைத் தாழ்த்திவிடுவார். ஸ்பீக்கருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அந்தக் காலத்து அடைப்பான் ரப்பர் மாதிரி விறைப்பானது. காதுக்குக் காது அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும். விரலால் உருட்டிச் செருகினால் மெல்ல விரிந்து அடைத்துக்கொள்ளும் மஞ்சள் நுரைக் குச்சி 1972-இல்தான் கடைக்கு வந்தது. ராஸ் கார்ட்னர் என்பவரின் கைவேலை. அதைச் செருகுவதிலும் ஒரு வித்தை உண்டு. முதலில் ஊதுபத்தி கனத்துக்கு மெலிதாக உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல்நுனியைப் பிடித்து மேலே இழுங்கள், துளை நேராகும். செருகிவிட்டு, அது விரியும்வரை விரலை எடுக்காதீர்கள். பெட்டியில் 29 டெசிபல், 33 டெசிபல் என்று போட்டிருக்கும். அரைகுறையாகச் செருகினால் அதில் பாதிகூடத் தேறாது.

வண்டிக்கு வருகிறேன். என் அக்கா மகன் ஆஸ்டின் பக்கம் இருக்கிறான். டெக்சஸின் 130-ஆம் எண் சாலை அவன் வீட்டருகே தெற்கே போகிறது. அதன் ஒரு பகுதியில் மணிக்கு 85 மைல், அதாவது 137 கிலோமீட்டர், சட்டப்படியே போகலாம். அமெரிக்காவிலேயே அதிக வேக வரம்பு அதுதான். அதைவிட நிதானமாக, நூறு நூற்றுப்பத்தில் போனாலே ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 100 டெசிபலை எட்டுவது சாதாரணம். அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷ் சொல்லும் கணக்கில் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் காது கொடுக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100-க்கு வரும்போது மிஞ்சுவது 15 நிமிடம். இந்த இரைச்சலையும் அமுக்கிக்கொண்டு பாட்டு கேட்க வேண்டும் என்று வாட்ஸ் மேல் வாட்ஸாக ஏற்றுகிறவர்கள் காதோடு பந்தயம் கட்டுகிறார்கள்.

அதனால் என் கட்சி இது: முதலில் காற்றைக் கவனியுங்கள், அப்புறம் காது, அதற்கப்புறம்தான் ஸ்பீக்கர். வண்டியின் முன்கண்ணாடி மேல்விளிம்பில் பிய்ந்து சுழலும் காற்று நேராக ஹெல்மெட்டில் வந்து மோதினால், எவ்வளவு விலை கொடுத்த ஸ்பீக்கரும் வீண். உயரம் மாற்றிய ஒரு கண்ணாடி பல சமயம் ஓர் ஆம்ப்ளிஃபயரைவிட நன்றாகப் பாடும். நுரைக் குச்சி விலையோ ஒரு காபிக் காசு. (கலிஃபோர்னியா போன்ற இடங்களில் இரண்டு காதையும் அடைப்பதற்குச் சட்டத்தில் நிபந்தனை உண்டு; சைரனும் ஹாரனும் கேட்க வேண்டும். பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஸ்பீக்கர் வாங்கும்போது அட்டையில் கொட்டை எழுத்தில் உள்ள எண்ணைப் பார்க்காதீர்கள். அது ஒரு நொடி தாங்கும் உச்சம். பொடி எழுத்தில் ‘சென்சிட்டிவிட்டி’ என்று ஒன்று இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் என்ற கணக்கு. 89 போட்ட ஸ்பீக்கரும் 92 போட்ட ஸ்பீக்கரும் அக்கம்பக்கம் இருந்தால், மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். அந்த மூன்றை ஈடுகட்ட முதலாவதற்கு இரட்டிப்பு வாட்ஸ் கொடுக்க வேண்டும். அக்கா மகனின் ஸ்ட்ரீட் கிளைட் 2018 மாடல். கம்பெனி ரேடியோ தருவதே பக்கத்துக்கு 25 வாட்ஸ். அங்கே இந்த மூன்று டெசிபல் பெரிய சொத்து.

அடுத்தது, எந்தச் சுருதி பிழைக்கும் என்பது. காற்றின் இரைச்சல் கீழ்ச் சுருதியில் கனமாக இருப்பதால் பேஸை விழுங்கிவிடும். ஹெல்மெட் மேல்சுருதியை மழுக்கும். நடுவில் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை ஒரு சந்து மிஞ்சுகிறது. நெடுஞ்சாலையில் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய், நாதஸ்வரம் மட்டும் கணீரென்று வந்து சேர்வது அதனால்தான். மோட்டார் சைக்கிளுக்கென்று செய்கிறவர்கள் கூம்பு வாய் ட்வீட்டர் வைப்பதும் அந்தச் சந்தைக் குறிவைத்துத்தான். வீட்டு ஹாலில் இனிமையாக ஒலிக்கும் ஸ்பீக்கர் இங்கே ஊமை.

எடையையும் பாருங்கள். பேட்விங் ஃபேரிங் ஃபோர்க்கோடு சேர்ந்தது, ஹேண்டில்பாரோடு திரும்பும். அங்கே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் ஸ்டியரிங்கில் தெரியும். அதற்காகத்தான் கனத்த ஃபெரைட் காந்தத்துக்குப் பதில் சின்னதாக நியோடைமியம் காந்தம் போட்ட ஸ்பீக்கரைத் தேடுவது. ரோடு கிளைடுக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவர்கள் ஃபேரிங் சேஸிஸில் நிற்கிறது.

அக்கா மகன் கடையில் கொடுத்து ஐந்தேகாலைக் கழற்றி ஆறரை இஞ்ச் போட்டிருந்தான். “மாமா, பேலன்ஸை ஒரு பக்கமா தள்ளினா பேஸ் இருக்கு. நடுவுல வெச்சா காணோம்” என்றான்.

“ஒண்ணு தலைகீழா மாட்டியிருக்காங்கடா. கழட்டு.”

முதலில் மெயின் ஃப்யூஸ். பிறகு முன் மட்கார்டின் மேல் தடித்த துண்டு, பெயிண்டைக் காப்பாற்ற. டார்க்ஸ் திருப்புளியால் கண்ணாடியைக் கழற்றி, ஃபேரிங்கின் உள்பக்கத்துத் திருகுகளையும் எடுத்ததும், ஒருவர் வெளிஓட்டைப் பிடித்துக்கொண்டார். ஹெட்லைட் ஒயர் இன்னும் அதோடு தொங்குகிறது என்பதை மறந்து இழுக்கக் கூடாது. கனெக்டரைப் பிடுங்கினோம். உள்ளே ரேடியோவின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கரின் முதுகு தெரிந்தது.

பென் டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து, அதன் பிளஸ் முனையை ஸ்பீக்கரின் பிளஸ் ஒயரிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட வைத்தேன். இடது கோன் ‘டப்’பென்று வெளியே குதித்தது. வலது கோன் உள்ளே போயிற்று. ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் பேஸ் எங்கே நிற்கும்? ஒயரை மாற்றிச் செருகினான், தீர்ந்தது.

அதோடு விடவில்லை. ஸ்பீக்கர் விளிம்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே நுரை வளையமே இல்லை. அந்த இடுக்கு வழியாக முதுகு ஒலி முன்னால் கசிந்து முன் ஒலியை அடித்துவிடும். வளையம் ஒட்டி, திருகுகளை எதிரெதிராகக் கையாலேயே இறுக்கினோம். டிரில்லை வைத்து முறுக்கினால் பிளாஸ்டிக் காது பிளந்துகொள்ளும். மூடுமுன் கிரில்லைப் பொருத்தி, கோனின் ரப்பர் அதில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். உரசினால் பாட்டோடு வண்டு பறக்கும்.

ஆம்ப்ளிஃபயரை இப்போதும் தொடவில்லை. பின்பக்கப் பெட்டி மூடிகளில் 6-க்கு 9 இஞ்ச் ஸ்பீக்கர் போடலாமா என்று எழுதிக் கேட்டவர்களுக்கும் பதில் அதோடுதான். ஆம்ப் இல்லாமல் அந்தப் பெரிய கோனை அசைக்க முடியாது. சீட்டுக்கு அடியில் உள்ள பேட்டரியிலிருந்து டாங்க்குக்குக் கீழாக ஒயர் ஓடும் பாதை, கம்பெனி ரேடியோ தன் சொந்த ஸ்பீக்கருக்காகவே வளைத்து வைத்திருக்கும் ஈக்வலைசர், அதை டீலரிடம் கொடுத்து நேராக்குவது எல்லாம் அடுத்த வாரம். ஆம்ப் போடுகிற எண்ணம் இருப்பவர்கள் ஃபேரிங்கை இப்போதைக்கு இரண்டு திருகோடு நிறுத்தி வையுங்கள். அந்த ஒயர் வந்து சேர வேண்டியதும் அதற்குள்தான்.

(தொடரும்)