எழுதும்போது பிறக்கும் பணம்



ஜும்ஆ தொழுகை முடிந்த ஒரு நாளில் ஒரு தந்தை என்னிடம், "மௌலவி, என் மகன் முச்சக்கரவண்டி வாங்குவதற்கு வங்கியில் பத்து இலட்சம் ரூபாய் கடன் கேட்டிருக்கிறான். வங்கி யாருடைய பணத்தை எடுத்து அவனுக்குக் கொடுக்கிறது?" என்று வினவினார். நம்மில் பலரும் விடை தெரிந்ததாக எண்ணிக் கொண்டிருக்கும் வினா இது.

ஒருவர் வைப்பிலிட்ட பணத்தை எடுத்து மற்றொருவருக்குக் கடனாகக் கொடுப்பதே வங்கியின் வேலை என்றுதான் பொதுவாகக் கருதப்படுகின்றது. உண்மை அதுவன்று. கடன் அனுமதிக்கப்படும் நாளில் வங்கி தன் ஏட்டில் இரண்டு பதிவுகளை எழுதுகின்றது. ஒன்று, இந்த இளைஞன் வங்கிக்குப் பத்து இலட்சம் தர வேண்டும் என்பது. மற்றையது, அவனுடைய கணக்கில் பத்து இலட்சம் இருக்கின்றது என்பது. எந்த வைப்பாளருடைய கணக்கிலும் ஒரு சதம்கூடக் குறையவில்லை. நேற்று இல்லாத பணம் இன்று பிறந்துவிட்டது. அவன் வண்டியை விற்றவருக்குச் செலுத்தும்போது அப்பணம் விற்றவரின் கணக்கிற்கு மாறுகின்றது. அவன் தவணை தவணையாக முதலைத் திருப்பிச் செலுத்தும்போது அந்த அளவு பணம் மறைந்து போகின்றது. இங்கிலாந்து வங்கி 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட விளக்கக் கட்டுரையும் இதனையே தெளிவுபடுத்தியது.

அவ்வாறாயின் வங்கிகள் விரும்பிய அளவுக்குப் பணத்தை உருவாக்கலாமா? முடியாது. வண்டி விற்றவரின் கணக்கு வேறொரு வங்கியில் இருந்தால், கடன் கொடுத்த வங்கி மத்திய வங்கியிலுள்ள தன் இருப்பிலிருந்து அந்த வங்கிக்குச் செலுத்தியாக வேண்டும். மேலும், வர்த்தக வங்கிகள் தம் ரூபாய் வைப்புக்களில் ஒரு பங்கை மத்திய வங்கியில் ஒதுக்காக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இதுவே நியதி ஒதுக்கு விகிதம் எனப்படுகின்றது.

பாடநூல்கள் இதனை ஒரு கணக்கின் மூலம் விளக்கும். ஒதுக்கு 10 சதவீதம் எனக் கொள்வோம். ஒரு இலட்சம் ரூபாய் வைப்பில் 10,000 ஒதுக்கப்பட்டு 90,000 கடனாகின்றது. அது மற்றொரு வங்கியில் வைப்பாகி, அதிலிருந்து 81,000 கடனாகின்றது. இவ்வாறே தொடர்ந்தால் மொத்த வைப்பு பத்து இலட்சம் வரை வளரலாம். எனினும் இது உச்ச எல்லையைக் காட்டும் கணக்கு மாத்திரமே. நடைமுறையில் வங்கியின் மூலதனமும், வட்டி வீதமும், கடனைத் திருப்பித் தரக்கூடியவர் கிடைப்பதுமே பெரிய தடைகளாகும். இலங்கை மத்திய வங்கி 2023 ஆகஸ்ட் மாதத்தில் இவ்விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தது. அதனால் சுமார் 200 பில்லியன் ரூபாய் வங்கிகளின் கைக்கு விடுவிக்கப்பட்டது. ஆயினும் கடன் கேட்பவரும் கொடுக்கத் துணிபவரும் இல்லாவிடில் அது கடனாக மாறாது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். இஸ்லாமிய வங்கிகள் பணத்தை உருவாக்குவதில்லை எனச் சிலர் கூறுகின்றனர். முராபஹா முறையில் வங்கி பொருளை வாங்கி விற்றவரின் கணக்கில் தொகையைப் பதியும்போதும் புதிய வைப்பு பிறக்கவே செய்கின்றது. வேறுபாடு ஒப்பந்தத்திலேயே உள்ளது. அங்கே வங்கி பொருளை உரிமையாக்கி, அதன் பொறுப்பை ஏற்று, அறிவிக்கப்பட்ட இலாபத்துடன் விற்க வேண்டும். பொருளே கைமாறாமல் தாளில் மாத்திரம் விற்பனை நடந்தால், பெயர் மாறியதேயன்றி வட்டி நீங்கியதாகாது. ஆகவே பெயர்ப் பலகையைப் பார்த்துத் திருப்தியடையாமல் ஒப்பந்தத்தை வாசியுங்கள்.

சகோதரர்களே! அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் ஸூரதுல் பகராவின் 282ஆவது வசனமாகும். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. கடனோடு மரணித்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தாமே ஜனாஸாத் தொழுகை நடத்தாது நின்றதும், அபூ கதாதா (ரழி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததும் நாம் அறிந்ததே. ஒரு கையெழுத்தின் கனம் அத்தகையது.

அந்தத் தந்தைக்கு நான் கூறிய விடை இதுதான்: "வங்கி யாருடைய பணத்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை. உங்கள் மகன் அளிக்கும் வாக்குறுதியின் மீதே அப்பணம் எழுதப்படுகின்றது. அவனுடைய வருங்கால உழைப்பே அதன் ஈடு."

எனவே இளைஞர்களே! கையொப்பமிடுவதற்கு முன்னர் ஒப்பந்தத்தில் வட்டி உண்டா, மொத்தம் எவ்வளவு செலுத்த வேண்டும், வருமானம் நின்றால் தவணையை யார் செலுத்துவார் என்பவற்றைக் கேளுங்கள். பெற்றோர்களே! பிள்ளைகளோடு அமர்ந்து அக்கணக்கைப் பாருங்கள். கடனின் சுமையிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.