பாலமும் அதன் இறக்கமும்

பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதிய பாலம் கட்டப்போகிறார்கள் என்ற செய்தி ஓர் ஊருக்கு வந்து சேரும்போது, ஜனங்களுடைய கவனமெல்லாம் ஆற்றின் நடுவே எழப்போகும் தூண்களின் மேலும், ஒதுக்கப்பட்ட கோடிகளின் மேலும், அடிக்கல் நாட்ட எந்த மந்திரி வருவார் என்பதன் மேலும் செல்கிறதேயன்றி, அந்தப் பாலம் ஊருக்குள் எந்த இடத்தில் வந்து தரையைத் தொடும் என்ற கேள்வியின் மேல் செல்வதில்லை. பாலத்தின் மேல் போகிறவன் இரண்டு நிமிஷத்தில் அதைக் கடந்துவிடுகிறான். அதன் இறக்கத்தை ஒட்டிக் குடியிருப்பவனுக்கோ ஆயுள் முழுவதும் அதனோடுதான் வாசம்.

பழைய பாலத்தை மாற்றவே கூடாது என்று வாதாடுவது என் நோக்கமன்று. திருச்சியில் 1928ஆம் ஆண்டின் கொள்ளிடம் இரும்புப் பாலம் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் தூண்கள் சரிந்து உடைந்தபோது, பக்கத்திலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2016லேயே திறக்கப்பட்டுப் போக்குவரத்து அதற்கு மாறியிருந்தது அந்த நகரம் செய்த பாக்கியம். குஜராத்தில் மஹீ நதியின் மேலிருந்த கம்பீரா பாலத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. 2025 ஜூலை 9ஆம் தேதி அதன் ஒரு கண் இடிந்து வாகனங்களோடு ஆற்றில் விழ, இருபது பேருக்கு மேல் மாண்டனர். அந்தப் பாலத்தின் நிலைமையைப் பற்றி மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் 2022லேயே எழுத்து மூலம் எச்சரித்திருந்தார் என்பது பிற்பாடு வெளிவந்தது. ஆகவே பழுதான பாலத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதும் ஊராரின் உரிமையே. மாற்றும்போது அது தங்களை எப்படித் தொடப்போகிறது என்று கேட்பதும் அவர்களுடைய உரிமையே.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. சமவெளியில் நெடுஞ்சாலையின் ஏற்றம் சாதாரணமாக முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தைத் தாண்டலாகாது என்பது இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள நியதி. வெள்ள மட்டத்தை உத்தேசித்துப் புதிய பாலத்தின் தளத்தைத் தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் வைத்தால், ஒவ்வொரு கரையிலும் குறைந்தது 180 மீட்டர் நீளத்துக்குச் சாய்தளம் ஊருக்குள் நீண்டாக வேண்டும். அதன் இரு பக்கமும் கான்கிரீட் சுவர் எழும்பும். இப்படிப்பட்ட ஒரு சுவரின் நிழலில் நின்று நான் டீ குடித்திருக்கிறேன். கடைக்காரர் தம் கடையின் பெயர்ப் பலகையைச் சுவருக்கு மேல் தெரியும்படி ஒரு மூங்கிலில் கட்டி நிறுத்தியிருந்தார். எதிர்ச்சாரியிலிருந்து பால் கொண்டுவரும் அம்மாள், முன்பெல்லாம் நாற்பது அடி நடந்து வந்தவர், இப்போது தூக்குப் பாத்திரத்தோடு சுவரின் முனைவரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தார். அவருடைய நிலத்தில் ஒரு சாண்கூட எவரும் எடுக்கவில்லை. ஆகவே அவருக்கு நஷ்டஈடும் இல்லை.

இறக்கம் ஒன்று தடைப்பட்டாலே நகரம் முழுவதும் தவிக்கும் என்பதற்குத் திருச்சி அரிஸ்டோ மேம்பாலம் சாட்சி. மற்றக் கிளைகள் திறக்கப்பட்ட பின்னும், சென்னை மார்க்கமாக இறங்க வேண்டிய கிளை, ஓர் ஏக்கருக்கும் குறைந்த பாதுகாப்புத் துறை நிலம் கிடைக்காமையால் பல ஆண்டுகள் அந்தரத்தில் நின்று, 2023இல்தான் முடிவுற்றது. நிலம் கைக்கு வருமுன்பே கட்டத் தொடங்குவதன் பலன் அது.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தேசிய நெடுஞ்சாலையாயின், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஏ பிரிவின்படி, நிலம் எடுக்கும் உத்தேசத்தை அரசிதழில் அறிவித்து, அதன் சாரத்தை இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் பிரசுரிக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். அந்த நிலத்தில் பாத்தியதை உள்ள எவரும் 21 நாட்களுக்குள் காரணங்களை விவரித்து எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்கலாம்; நேரிலோ வக்கீல் மூலமோ தம் கட்சியை எடுத்துச் சொல்ல அவகாசம் அளிப்பது அதிகாரியின் கடமை. இந்த 21 நாட்கள் அரசிதழ்த் தேதியிலிருந்து எண்ணப்படுபவை என்பதையும், பத்திரிகையில் நாம் படிக்கும்போதே சில நாட்கள் கழிந்திருக்கலாம் என்பதையும் மறந்தவர்கள் அநேகர். ஆட்சேபணையை நிராகரித்து அதிகாரி இடும் உத்தரவே முடிவானது. அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். நிலம் எடுப்பதை உறுதிசெய்யும் 3-டி பிரிவின் அறிவிப்பு வெளிவந்துவிட்டாலோ நிலம் மத்திய அரசைச் சேர்ந்துவிடுகிறது; அப்பால் தொகையைப் பற்றித்தான் பேச முடியும்.

தொகையிலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை உண்டு. சந்தை மதிப்பு மட்டுமன்றி, நிலம் துண்டாகப் பிரிவதால் எஞ்சிய பகுதிக்கு ஏற்படும் சேதத்தையும், குடியிருப்பையோ தொழிலையோ இடம் மாற்றும் நியாயமான செலவையும் 3-ஜி பிரிவு கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் நஷ்டஈட்டு விதிகளும் மறுவாழ்வு விதிகளும் 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்தும். மூன்று வருஷமாக அந்த இடத்தில் தொழில் நடத்திப் பிழைக்கும் வாடகைக்காரரும் அந்தச் சட்டப்படி பாதிக்கப்பட்ட குடும்பமே. ஆனால் வாடகை ரசீதும் மின்சாரக் கட்டண அட்டையும் இல்லாமல் இதை மெய்ப்பிப்பது கஷ்டம். தொகை குறைவென்று தோன்றினால் மத்திய அரசு நியமித்துள்ள நடுவரிடம், பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரிடம், முறையிடலாம். அவருடைய தீர்ப்பிலும் குறை கண்டால் மூன்று மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றம். மாநில நெடுஞ்சாலையாயின் 2001ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் பொருந்துவதால், சாலை எவருடையது என்பதை முதற்கண் விசாரித்துத் தெரிந்துகொள்வது அவசியம்.

பால்கார அம்மாளைப் போல நிலம் பறிபோகாமலே வழி பறிபோனவர்களுக்குச் சட்டத்தில் இத்தகைய கதவுகள் இல்லை. அவர்களுக்குப் பரிகாரம் வரைபடம் முடிவாவதற்கு முன்னால்தான் உண்டு. அந்தக் கட்டத்தில் அவர்களுக்காகப் பேச வேண்டிய இடம் கிராம சபையும் நகர மன்றமுமே. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அதன் தீர்மானம் நெடுஞ்சாலை ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது என்பது மெய். எனினும், இன்ன இடத்தில் சுரங்கப்பாதை வேண்டும், இருபுறமும் சர்வீஸ் ரோடு வேண்டும், மழைநீர் வடிய வாய்க்கால் வேண்டும் என்று இடத்தைக் குறித்து நிறைவேற்றிய தீர்மானத்தைத் திட்ட இயக்குநருக்கும், திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியருக்கும் கொடுத்து ஒப்புகை பெற்று வைத்திருந்தால், பின்னர் நீதிமன்றத்தில் அது ஒரு தஸ்தாவேஜாக நிற்கும்.

இடத்தைக் குறிப்பதற்கு வரைபடம் வேண்டும். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு, திட்ட அறிக்கையையும் பாலத்தின் பொது அமைப்பு வரைபடத்தையும் கேட்டு மனுச் செய்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிடில் மேல்முறையீடு உண்டு. வரைபடம் வந்ததும் அதைப் பீரோவில் பூட்டி வைக்காமல், சபை கூடுவதற்கு முந்திய நாள், நாலு பேர் டேப்பை எடுத்துக்கொண்டு போய், பாலம் தொடங்கும் இடத்திலிருந்து சுவர் முடியும் தூரம்வரை அளந்து, சாலையோரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். அந்தக் கோடு பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போகிறதா, அதற்கு முன்பே நின்றுவிடுகிறதா என்பதை மறுநாள் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய்மார்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.