அசையாமல் நிற்பதும் ஒரு பாடமே: கேடட்களுக்கு ஒழுங்கும் நிதானமும் கற்பிக்கப்படுவது எப்படி?

திருவனந்தபுரம்: குடியரசு தினம், சுதந்திர தினம் ஆகியவற்றையொட்டி கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தில் நடைபெறும் அணிவகுப்புகளில், சீருடைப் படைப் பிரிவுகளுடன் பள்ளி, கல்லூரி மாணவர்களும் பங்கேற்கின்றனர். பார்வையாளர்களின் கவனம் அவர்களின் சீரான நடையில் பதிகிறது. ஆனால் இளம் கேடட்களுக்குக் கடினமான பகுதி நடப்பதன்று. அடுத்த கட்டளை வரும்வரை அசையாமல், பதறாமல் நிற்பதே ஆகும். இந்த நிதானம் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, அதன் எல்லை எது என்பது குறித்துப் பார்ப்போம்.

யார் இந்த கேடட்கள்?

என்சிசி எனப்படும் தேசிய மாணவர் படை, 1948-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது. ஒற்றுமையும் ஒழுக்கமும் என்பதே அதன் முழக்கம். கேரளம், லட்சத்தீவுகளுக்கான அதன் இயக்குநரகம் திருவனந்தபுரத்தில் இயங்கி வருகிறது.

நகரின் புறப்பகுதியான கழக்கூட்டத்தில் உள்ள சைனிக் பள்ளி 1962-இல் தொடங்கப்பட்டது. தமிழகத்தின் அமராவதிநகர் சைனிக் பள்ளி தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் சேர்வதற்கு மாணவர்களை ஆயத்தப்படுத்துவது இப்பள்ளிகளின் நோக்கமாகும். 2021-22 கல்வியாண்டு முதல் நாடு முழுவதும் உள்ள சைனிக் பள்ளிகளில் மாணவிகளும் சேர்க்கப்படுகின்றனர்.

இவை தவிர, எஸ்பிசி எனப்படும் மாணவர் காவல் படைத் திட்டத்தை கேரளம் 2010-இல் தொடங்கியது. எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கான இத்திட்டம் 2018-இல் தேசிய அளவில் விரிவுபடுத்தப்பட்டது.

கட்டளையின் இரு பகுதிகள்

கவாத்தில் பெரும்பாலான கட்டளைகள் இரு பகுதிகளைக் கொண்டவை. என்சிசியில் இந்திக் கட்டளைச் சொற்களே பயன்படுத்தப்படுகின்றன. 'தாஹினே முட்' என்றால் வலப்புறம் திரும்பு என்று பொருள். இதில் 'தாஹினே' என்பது முன்னறிவிப்பு. பயிற்றுநர் அதை நீட்டி ஒலிப்பார். 'முட்' என்பது செயல்படுத்தும் சொல். அது வெட்டினாற்போல் ஒலிக்கும். முதற்சொல்லைக் கேட்டவுடன் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது கேடட்டுக்குத் தெரிந்துவிடும். ஆயினும் இரண்டாம் சொல் வரும்வரை அவர் அசையக் கூடாது.

புதிய கேடட்கள் அதிகமாகச் செய்யும் தவறு இங்கேதான் நிகழ்கிறது. ஆர்வத்தில் ஒருவர் முந்திக்கொண்டால் வரிசை முழுவதும் குலைந்துவிடும். தெரிந்த ஒன்றைச் செய்யாமல் காத்திருப்பதே கவாத்து கற்பிக்கும் முதல் கட்டுப்பாடு.

மலையாளம் பேசும் மாணவர்கள் இச்சொற்களைப் பொருளைவிட ஒலியாகவே முதலில் பழகுகின்றனர். தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு வரலாற்றுத் தொடர்பும் உண்டு. அண்ணா முதல்வராக இருந்தபோது 1968 ஜனவரியில் சட்டப்பேரவை நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில், என்சிசியில் இந்திக் கட்டளைச் சொற்களைக் கைவிட வேண்டும் என்ற கோரிக்கையும் இடம்பெற்றிருந்தது.

எண்ணிக்கையில் பழகும் நிதானம்

ஒவ்வொரு அசைவும் முதலில் துண்டு துண்டாகப் பிரித்து, எண்ணிக்கையுடன் கற்பிக்கப்படுகிறது. 'சாவ்தான்' என்ற கட்டளைக்குக் குதிகால்கள் சேர்ந்திருக்க வேண்டும். 'விஷ்ராம்' என்றால் பாதங்களுக்கிடையே 12 அங்குல இடைவெளி வேண்டும். திரும்பும்போது முதல் அசைவுக்கும் இரண்டாம் அசைவுக்கும் நடுவே மனத்துக்குள் 'இரண்டு, மூன்று' என எண்ணி நிறுத்த வேண்டும். விரைவு நடையில் நிமிடத்துக்கு 120 அடிகள், ஓர் அடிக்கு 30 அங்குலம் என்பது பொதுவான அளவு.

அந்த இரண்டு எண்ணிக்கை இடைவெளிதான் பதற்றத்தைத் தணிக்கும் கருவியாகவும் அமைகிறது. தவறு செய்த கேடட் உடனே சரிசெய்ய முற்பட்டால் தவறு இரட்டிப்பாகத் தெரியும். எனவே அடுத்த கட்டளை வரும்வரை அப்படியே நின்று, பின்னர் வரிசையுடன் இணைந்துகொள்ளுமாறு அவர்களுக்குக் கூறப்படுகிறது.

உடலின் எல்லை

மன உறுதி மட்டும் இருந்தால் எவ்வளவு நேரமும் நிற்கலாம் என்ற எண்ணம் தவறானது. 2025 ஜனவரி 26 அன்று திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேடியத்தில் நடைபெற்ற குடியரசு தின விழாவில், ஆளுநருக்கு அருகில் நின்றிருந்த மாநகரக் காவல் ஆணையர் மயங்கிச் சரிந்தார். சக அதிகாரிகள் அவரைத் தூக்கிச் சென்று முதலுதவி அளித்தனர். நீண்ட காலப் பயிற்சி பெற்ற அதிகாரிக்கே இது நேரலாம் எனில், 13 வயதுச் சிறாருக்கு நேர்வதில் வியப்பில்லை.

அசையாமல் நிற்கும்போது புவியீர்ப்பினால் ரத்தம் கால்களில் தேங்குகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து ரத்தத்தை மேல்நோக்கித் தள்ளும். நிற்கும்போது அந்த உதவி நின்றுவிடுவதால் மூளைக்குச் செல்லும் ரத்தம் குறைந்து மயக்கம் ஏற்படுகிறது. ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரங்களில் வியர்வை எளிதில் உலராததால் உடல் வெப்பமும் கூடுகிறது.

இதைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. காலை உணவைத் தவிர்க்கக் கூடாது. போதிய நீர் அருந்த வேண்டும். முழங்காலை இறுக்கிப் பூட்டிவிடாமல், காலணிக்குள் விரல்களை அசைத்து, கெண்டைக்கால் தசைகளை வெளியே தெரியாதவாறு இறுக்கித் தளர்த்த வேண்டும். கண் மங்குதல், குளிர்ந்த வியர்வை, குமட்டல் ஆகியவை தோன்றினால் உடனே கீழே அமர்ந்துவிட வேண்டும். மயங்கியவரைப் படுக்க வைத்து, கால்களை உயர்த்தி, இடைக்கச்சையையும் கழுத்துப் பொத்தானையும் தளர்த்த வேண்டும். முழு நினைவு திரும்பும்வரை வாயில் நீர் ஊற்றக் கூடாது.

ஒழுங்கு வேறு, தண்டனை வேறு

மகாராஷ்டிர மாநிலம் தாணேயில் 2023 ஆகஸ்டில், கல்லூரி ஒன்றின் என்சிசி மாணவர்கள் மழைநீரில் தலை பதித்துக் கிடக்க, அவர்கள் தடியால் அடிக்கப்படும் காணொலி வெளியாகி அதிர்ச்சியை ஏற்படுத்தியது. அடித்தவரும் ஒரு மூத்த மாணவரே என்பது பின்னர் தெரியவந்தது. அடி வாங்கியவர் அடுத்த ஆண்டு அடிப்பவராக மாறும் ஆபத்தை இச்சம்பவம் உணர்த்தியது.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, குழந்தைகளுக்கு உடல் ரீதியான தண்டனை அளிப்பதையும் மன ரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சீருடை அணிந்த சிறாருக்கு அதில் விதிவிலக்கு ஏதும் இல்லை.

அச்சத்தால் அசையாமல் நிற்பவர், அச்சுறுத்துபவர் அகன்றவுடன் ஒழுங்கைக் கைவிட்டுவிடுவார். எதற்காக நிற்கிறோம் என்று அறிந்து நிற்பவரிடமே அது நிலைக்கும். ஆகவே தங்கள் பிள்ளைகளைக் கவாத்துக்கு அனுப்பும் பெற்றோர், அணிவகுப்பில் அவர்கள் எவ்வளவு மிடுக்காக நடக்கிறார்கள் என்பதுடன், 'தலை சுற்றுகிறது ஐயா' என்று பயிற்றுநரிடம் அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா என்பதையும் கேட்டறிவது நல்லது.