மூச்சும் இறைவனின் கொடையே



மண்ணாலான மனிதர் உயிர் பெற்றது கடவுள் தந்த மூச்சினால் என்று தொடக்க நூல் (2:7) நமக்குக் கற்பிக்கிறது. அந்த மூச்சு இன்று எந்நிலையில் இருக்கிறது எனச் சற்றே சிந்திப்போம்.

காற்று மாசு என்றதும் சென்னையும் தில்லியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. காவிரிக்கரை ஜேடர்பாளையத்தில் கரும்பும் வாழையும் பசுமையாகத்தானே நிற்கின்றன? ஆனால் இப்பகுதியின் வெல்ல ஆலைகளில் கொப்பரைக்கு அடியில் சக்கை எரிகிறது. பரமத்திவேலூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. வீட்டுக்குள்ளோ விறகடுப்பும் கொசுவர்த்தியும் புகைகின்றன.

இப்புகைகள் அனைத்திலும் 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்கள் உள்ளன. இவை நுரையீரலின் ஆழம்வரை சென்று, இரத்தத்திலும் கலந்து, ஆஸ்துமா, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு வழிவகுக்கின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் இவற்றின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2021-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்தது. நம் நாட்டின் வரம்போ 40. வீட்டுப்புகை, வெளிப்புகை இரண்டாலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 இலட்சம் பேர் இறக்கின்றனர் என அந்நிறுவனம் கணக்கிடுகிறது.

சாலைப்புகை உயிரையும் பறிக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இலண்டனில் போக்குவரத்து மிகுந்த சாலையருகே வாழ்ந்த எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி, கடும் ஆஸ்துமாவால் 2013-இல் இறந்தாள். காரணம் அறியத் தாய் விடாது போராடினார். 2020-இல் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் அவள் இறப்புக்குக் காரணம் என்று பதிவு செய்தார். பிறர் உயிருக்குத் தெரிந்தே ஊறு செய்வதையும் ஐந்தாம் கட்டளை தடுக்கிறது. புகைக்கும் இது பொருந்தும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் (எண் 20), அடுப்புப் புகையால் மக்கள் நோயுறுவதையும் காற்று மாசால் ஏழைகள் அதிகம் துன்புறுவதையும் சுட்டிக்காட்டினார்.

நாம் என்ன செய்யலாம்? சமைக்கும்போது அடுக்களைச் சன்னலைத் திறந்து வைப்போம். சாலையோர வீடுகளில், வண்டிகள் மிகும் காலை மாலை நேரங்களில் சாலைப்பக்கச் சன்னலை மூடி, பின்பக்கத்தைத் திறப்போம். ஒரு கொசுவர்த்திச் சுருள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள்களை வெளியிடக்கூடும் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது; ஆகவே கொசுவலை கட்டுவோம். பிளாஸ்டிக் குப்பையை எரிக்காதிருப்போம். திருப்பலி முடிந்து பேசி நிற்கையில் வண்டியின் எஞ்சினை அணைப்போம். புகைக்குழாய்க்கு மிக அருகில் மூச்சுவிடுவது நம் குழந்தைகளே.

அடுப்படியில் நிற்கும் தாயும், கொப்பரையடியில் சக்கை தள்ளும் தொழிலாளியும் நம் அயலாரே. அவர்களும் நலமாய் மூச்சுவிட வழிசெய்வோம். உயிர்மூச்சைத் தந்த இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக! ஆமென்.