ஆசிரியரும் அரசியற் கருத்தும்

ஆசிரியர் சொல்வதை உண்மையென்று ஏற்பது இளமையின் இயல்பு. கணக்கிலும் இலக்கணத்திலும் அந்நம்பிக்கை நன்மை தரும். அரசியலில் அது தீங்கு விளைக்கவும் கூடும்.

ஜெர்மனியில் 1933-ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், ஆசிரியருள் மிகப் பெரும்பாலோர் நாஜிக் கட்சியின் ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்தனர். இனப்பகைமை பள்ளிப் பாடமாயிற்று. அந்தக் கசப்பை அறிந்த நாட்டில், பின்னர் அரசியற் கல்வியைப் பற்றிக் கட்சிகளிடையே பூசல் மூண்டது. அப்போது, 1976-இல், மேற்கு ஜெர்மனியின் பாய்டெல்ஸ்பாக் என்னும் ஊரில் கல்வியாளர் கூடி ஆராய்ந்தனர். அதிலிருந்து மூன்று நெறிகள் பிறந்தன. ஆசிரியர் தம் கருத்தை மாணவர்மேல் திணித்தலாகாது. அறிஞரிடையே கருத்து மாறுபாடுள்ள பொருளை அம்மாறுபாட்டோடே கற்பிக்க வேண்டும். அரசியல் நிலைமையையும் அதில் தன் நலனையும் மாணவன் தானே ஆராயும் திறன் பெற வேண்டும்.

நானும் ஒருமுறை வழுவியவனே. வகுப்பில் ஒரு தேர்தலைப் பற்றி என் சார்பு வெளிப்படப் பேசிவிட்டேன். தேர்வு விடைத்தாள்களில் என் சொற்களே திரும்பி வந்தன. பிள்ளைகள் சிந்தித்து எழுதவில்லை. என்னை மகிழ்விக்கவே எழுதினர். அன்று நாணினேன்.

ஆசிரியரை மதியுங்கள், மறுதரப்பார் கூறுவது யாதென்றும் அவரைப் பணிவோடு வினவுங்கள். நல்லாசிரியர் அவ்வினாவைக் கேட்டு மகிழ்வார்.