உப்புக் காற்றில் நிற்கும் வண்டி

மோட்டார்சைக்கிளின் தேய்மானத்தை அது ஓடிய கிலோமீட்டரைக் கொண்டு அளப்பதே பொதுவான வழக்கம். ஆயில் மாற்றுவதும் பிளக் மாற்றுவதும் சர்வீஸுக்கு விடுவதும் மீட்டரில் தெரியும் எண்ணைப் பார்த்தே நடக்கின்றன. பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர்களுக்கு இந்தக் கணக்குப் பாதிதான் பொருந்தும், ஏனெனில் அங்கே வண்டி ஓடும்போது தேய்வது ஒருபுறமிருக்க, வாசலில் நிற்கும்போதும் அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. மாதக்கணக்கில் இடைவெளி விட்டுச் செய்யப்படும் சர்வீஸ், நாள்தோறும் நிகழும் இந்த அரிப்பைத் தடுக்க இயலாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் உரிமையாளரே வண்டியருகே உட்கார்ந்து செய்யும் சிறு வேலைகளே அதைத் தடுக்கும்.

சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை 16-இல், தமிழ்நாட்டின் வட எல்லையில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் ஆரம்பாக்கம் அமைந்துள்ளது. அதைக் கடந்தால் ஆந்திரத்தின் தடா. கிழக்கே, ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காடு ஏரியும் அதன் கரையோர மீனவக் குப்பங்களும் உள்ளன. உவர்நீர் ஏரி என்பது கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து நிற்கும் ஏரியாகும். இங்கு ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரங்கள் வழியே கடல் உள்ளே வருகிறது. இப்பகுதியின் சாலைகளில் இருவகை இருசக்கர வாகனங்கள் எதிர்ப்படுகின்றன: பிழைப்புக்காக அன்றாடம் மீன் சுமக்கும் வண்டிகள் ஒருவகை, வார இறுதியில் ஏரியையும் பறவைகளையும் காணச் சென்னையிலிருந்து வரும் வண்டிகள் மற்றொருவகை. இரண்டையும் அரிப்பது ஒரே உப்புத்தான்.

உப்பு வேலை செய்யும் விதம்

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். நீரில் உப்புக் கரைந்திருந்தால் அது மின்சாரத்தை நன்கு கடத்துவதால், துருப்பிடித்தல் என்னும் மின்வேதி நிகழ்வு பன்மடங்கு விரைவாகிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள், அலுமினியத்தின் மீதும் துருப்பிடிக்கா எஃகின் மீதும் இயல்பாகப் படிந்து அவற்றைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தையும் துளைத்துவிடுகின்றன. அலுமினிய உறுப்பில் எஃகு போல்ட் முறுக்கப்பட்டிருக்கும் இடத்தில் இரு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகவே இயங்குவதால், அலுமினியம் கரைந்து வெண்பொடியாகி, போல்ட் கழற்ற முடியாதபடி இறுகிப்போகிறது.

இவற்றைவிட முக்கியமான பண்பு ஒன்று உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும், உலோகத்தின் மீது படிந்துள்ள சமையலுப்பு காற்றிலுள்ள நீராவியைத் தானே உறிஞ்சி உப்புக் கரைசலாகிவிடுகிறது. கடலோர ஊர்களில் இரவிலும் விடியலிலும் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுவது வழக்கம் என்பதால், மழையே பெய்யாத நாளிலும் வண்டியின் மேற்பரப்பு நுண்ணிய அளவில் நனைந்தே இருக்கிறது. உப்பை அகற்றாமல் வண்டியைத் துணியால் மூடிவைப்பதால் பயன் இல்லாததற்கு இதுவே காரணம். காற்றோட்டமில்லாத உறை, அடியில் தங்கும் ஈரத்தை உலரவும் விடாது.

மீன் வண்டிகளின் நிலை இன்னும் கடுமையானது. இருக்கைக்குப் பின்னால் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்ட பிளாஸ்டிக் பெட்டியில் மீனும் பனிக்கட்டியும் இருக்க, உருகிய நீர் மீனின் உப்போடு சேர்ந்து பெட்டியின் மூலை வழியாக ஒழுகி, சைலன்சரிலும் பின்சக்கர ஆரக்கம்பிகளிலும் செயினிலும் சொட்டிக்கொண்டே வருகிறது. சூடான சைலன்சரில் விழும் துளியில் நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்குவதால், அடிப்பக்கத்திலிருந்து துரு தொடங்குகிறது. பெட்டியின் அடியில் விளிம்புள்ள தட்டு ஒன்றை வைத்து, அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயைச் சக்கரத்துக்கு வெளியே தரையை நோக்கி இறக்கிவிட்டால், செலவின்றியே இந்தச் சேதத்தின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

வீட்டில் செய்யத்தக்க வேலைகள்

முதல் வேலை அலசுதல். கடலில் ஓடும் வெளிப்பொருத்து எஞ்சினைப் பயன்பாட்டுக்குப்பின் நன்னீரால் அலச வேண்டும் என்பது படகு வைத்திருப்போர் அறிந்த விதி. அதே விதி கரையில் ஓடும் வண்டிக்கும் பொருந்தும். ஆனால் எந்த நீரால் அலசுவது என்பது இப்பகுதியில் எளிய கேள்வி அன்று. மீஞ்சூர், பொன்னேரி வட்டாரங்களில் நிலத்தடி நீர் மிகுதியாக எடுக்கப்பட்டதால் கடல்நீர் உட்புகுந்த நிலை பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. கரையோர ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் வருவது உவர்நீரே. அந்த நீரால் வண்டியைக் கழுவுவது பழைய உப்பை அகற்றிப் புதிய உப்பைப் பூசுவதாகும். ஆகவே நிறைய உவர்நீரைவிட ஒரு வாளி நல்ல நீர் மேலானது. கழுவியபின் பத்து நிமிடம் ஓட்டி, பிரேக்கை மெல்ல அழுத்தி, இடுக்குகளில் தங்கிய நீரை உலரவிடுவதும் அவசியம். சூடான எஞ்சின் மீது நீர் ஊற்றலாகாது. வீல் பேரிங், சுவிட்சு, மின் இணைப்பு ஆகியவற்றின் மீது அழுத்தமான நீரைப் பீய்ச்சவும் கூடாது.

இரண்டாவது செயின். நம் நாட்டின் 100 சிசி வண்டிகள் பலவற்றில் செயின் முழுக் கவசத்துக்குள் மறைந்திருப்பதால், தூசியிலிருந்து அதற்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் உள்ளே புகுந்த உப்புநீர் எளிதில் உலர்வதில்லை, கண்ணில் படாததை உரிமையாளர் மறந்தும்விடுகிறார். கவசத்தில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றினால் செயினின் தளர்வைச் சோதிக்கலாம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இரு பற்சக்கரங்களுக்கும் நடுவே செயினை விரலால் மேலும் கீழும் தள்ளும்போது அது அசையும் தூரமே தளர்வு. பெரும்பாலான சிறிய வண்டிகளில் இது 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும், துல்லிய அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். இறுக்கும்போது இருபுறத்து அட்ஜஸ்டர்களும் ஒரே கோட்டுக் குறிக்கு வர வேண்டும், இல்லையெனில் சக்கரம் கோணலாக நிற்கும். டிரம் பிரேக் வண்டியில் பின்சக்கரம் நகர்ந்ததும் பிரேக் ராடின் தளர்வும் மாறுவதால், அதையும் உடனே சரிசெய்ய வேண்டும்.

செயினைத் துடைக்க மண்ணெண்ணெய் அல்லது டீசலில் தோய்த்த மென்மையான பிரஷ் போதுமானது; கம்பி பிரஷும் பெட்ரோலும் ஓ-ரிங் செயினின் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். ஓ-ரிங் என்பது செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறாதபடி அடைத்திருக்கும் சிறு வளையம். துடைத்து உலர்ந்தபின் 90 நம்பர் கியர் ஆயிலையோ செயினுக்கென்று விற்கும் ஸ்பிரேயையோ உட்பக்கத்தில் இட்டு, மிகுதியைத் துணியால் ஒற்றிவிட வேண்டும். இவ்வளவையும் எஞ்சினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றியே செய்ய வேண்டும். கியரில் ஓடவிட்டுத் துணியைப் பிடிக்கும் பழக்கம் விரல்களைப் பற்சக்கரத்துக்குள் இழுத்துவிடும்.

மற்ற வேலைகள் சிறியவை. டயரில் காற்றை, வண்டி ஓடிச் சூடாகும்முன் பார்க்க வேண்டும். ஒருவருக்கும் இருவருக்கும் பின்டயரின் அழுத்தம் வேறுவேறு, மீன்பெட்டியும் ஓர் ஆளின் எடைக்குச் சமமே. பிரேக் டிரம்மின் வெளிப்புறத்தில் உள்ள அம்புக்குறி எல்லைக் கோட்டைத் தொட்டால் பிரேக் ஷூ மாற்றும் காலம் வந்துவிட்டது. கிளட்ச் கேபிளின் மேல்முனையில் சில சொட்டு எண்ணெய் விட்டால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து அறுவது தள்ளிப்போகும். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் எதிர்முனையையும் பிறகு நேர்முனையையும் கழற்றி, துடைத்து, வாசலின் தடவி, நேர்முனையிலிருந்து தொடங்கி மீண்டும் பூட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் ஸ்பேனர் சட்டகத்தில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

எஞ்சின் ஆயிலில் இரு செய்திகள் உண்டு. பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களில் கிளட்சும் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து இயங்குவதால், அதற்கேற்ற ஜாசோ எம்.ஏ. தரக் குறியீடு உள்ள ஆயிலையே ஊற்ற வேண்டும். கார் ஆயில்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் இருப்பதால் கிளட்ச் வழுக்கும். மற்றொன்று சிறு வண்டிகளைப் பற்றியது. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்து தமிழ்நாட்டின் சிறு வணிகர்களின் சுமைவண்டியாகிவிட்ட டி.வி.எஸ். 50-இன் எஞ்சின் டூ-ஸ்ட்ரோக் வகை. அதில் ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்துவிடும் என்பதால் எஞ்சினுக்கு ஆயில் மாற்றும் வேலையே இல்லை. 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர்-ஸ்ட்ரோக் வகையாதலால், அதில் ஆயில் அளவைப் பார்ப்பதும் காலத்தில் மாற்றுவதும் கட்டாயம். பழைய வண்டியில் பழகிய கை இதை மறந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

வீட்டு வேலையின் எல்லை

உரிமையாளர் செய்யக்கூடியது எது, மெக்கானிக்கிடம் விட வேண்டியது எது என்ற எல்லைக்கோடு காலந்தோறும் நகர்ந்துள்ளது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அதன் திருவொற்றியூர் ஆலையில் உருவான பழைய புல்லட்டில், வால்வுக்கும் அதை இயக்கும் தள்ளுதண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை, அதாவது டேப்பெட்டை, உரிமையாளரே சரிசெய்துகொள்வார். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் பக்கவாட்டு மூடியைத் திறந்து தள்ளுதண்டை விரலால் சுழற்றினால் அது தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கலாகாது. இந்தத் தொடுவுணர்வே அளவுகோலாக இருந்தது. பின்னர் வந்த எஞ்சின்களில் ஆயில் அழுத்தத்தால் தானே சரியாகும் டேப்பெட்டுகள் அந்த வேலையை நீக்கின. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் எரிபொருள் ஊசி இடம்பெற்றதால், ஞாயிறு காலையில் கார்புரேட்டரைக் கழற்றித் துடைப்பதும் மறைந்தது.

புதிய வண்டிகளில் வீட்டு வேலை குறையவில்லை, இடம் மாறியுள்ளது. எரிபொருள் ஊசி மின்சாரத்தில் இயங்குவதால் பேட்டரியும் வயர் இணைப்புகளும் முன்னைவிட முக்கியமாகிவிட்டன. பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலின் அளவு இப்போது 20 விழுக்காட்டை எட்டியுள்ளது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், ஏரிக்கரை ஊரில் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கப்போகும் வண்டியின் டேங்கைப் பாதி காலியாக விடாமல் நிரப்பிவைப்பது நல்லது. டிஸ்க் பிரேக்கின் திரவமும் ஈரத்தை உறிஞ்சி வலுவிழப்பதால் இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றப்பட வேண்டும், அதைப் பயிற்சியுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே சரி. ஏ.பி.எஸ். கோளாறு, முன் ஃபோர்க், எஞ்சினின் உட்பகுதி ஆகியவையும் அவ்வாறே.

வார இறுதிப் பயணம்

வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பி ஓய்ந்தபின் வரும் குளிர்காலமே இப்பக்கம் பயணம் செய்ய உகந்த காலம். அப்போது பூநாரைகள் ஆழமில்லாத நீரில் கூட்டமாக இரை தேடுகின்றன. பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குச் சென்றால், 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையின் எச்சத்தையும் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தையும் காணலாம். நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கத்தைக் கடந்து சூலூர்பேட்டை சென்றால், அங்கிருந்து ஏரியை ஊடறுத்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் நீர்ப்பரப்பு விரிகிறது. ராக்கெட் ஏவும் நாள்களில் முன்பதிவு செய்தவர்களுக்கு அங்கே பார்வையாளர் மாடம் 2019 முதல் திறந்துள்ளது.

அழகான இந்த வழிகளில் ஆபத்தும் உண்டு. நெடுஞ்சாலையில் கனரக லாரிகளுக்கு நடுவே எதிர்த்திசையில் வரும் உள்ளூர் வண்டிகளும், ஏரிப் பக்கமிருந்து வரும் பக்கவாட்டுக் காற்றும், குப்பத்துச் சாலைகளில் படிந்த மணலும் கவனத்தைக் கோருகின்றன. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் பின்னால் அமர்பவருக்கும் வேண்டும். கோடையில் வற்றிய ஏரிப்படுகையில் வண்டியை இறக்கி ஓட்டும் ஆசையை முற்றாகக் கைவிட வேண்டும்: அது பறவைகள் இரை தேடும் இடம், மீனவர்களின் தொழிற்களம், சக்கர மையத்திலும் பிரேக்கிலும் அப்பும் உப்புச் சேற்றை ஒரு வாளி நீரால் அகற்றவும் முடியாது. சாலையோரம் உலரும் வலைகளின் மீது ஏறாமலும், பறவைகளின் அருகே ஹாரன் அடிக்காமலும் செல்வது விருந்தினரின் கடமை.

சென்னைக்குத் திரும்பும் பயணிக்கு வீட்டில் நல்ல நீர் கிடைக்கிறது. அன்று மாலையே அலசிவிட்டால் அவருடைய வண்டியின் உப்புக் கணக்கு முடிந்துவிடும். அன்றாடம் மீன் சுமப்பவருக்கு அந்த வசதி இல்லை, ஆனால் அவருடைய வண்டி நின்றால் அன்றைய மீனும் வருமானமும் வீணாகும். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பை, மீன் இறங்குதளங்களின் கூரைகளில் ஒரு தொட்டியோடு இணைத்து, வண்டி அலச ஒரு குழாய் வைத்தால், மழைக்காலம் தொடங்கிச் சில மாதங்களுக்கேனும் உப்பில்லாத நீர் கிடைக்கும். அதோடு, செயின், பிரேக், பேட்டரி ஆகியவற்றைத் தாமே கவனிக்கும் பயிற்சியை அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்கள் குப்பங்களுக்கே வந்து ஒரு நாளில் அளிக்க முடியும். இவ்விரண்டுக்கும் பெரிய முதலீடு தேவையில்லை. ஊராட்சியும் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் முன்வந்தால் போதும்.