முட்டம்: பாறைக் கரையின் எழிலும் பயனும்

தமிழகக் கடற்கரை பெரும்பாலும் தாழ்ந்த மணற்பரப்பாகும். இதற்கு விலக்காகக் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் பாறைகள் கடலுக்குள் துருத்தி நிற்கின்றன. அவற்றினிடையே சிறு குடாக்கள் அமைந்துள்ளன.

இத்தகைய அமைப்பு தோன்றும் விதம் எளிதில் விளங்கும். மென்மையான பகுதிகளை அலைகள் விரைவில் அரிக்கின்றன. கடினப் பாறை எஞ்சி முனையாகிறது. ஆழம் குறையுமிடத்தில் அலையின் வேகம் தணிவதால், அலை வளைந்து முனைகளின்மீது ஆற்றலைக் குவிக்கிறது. குடாவில் அது பரவித் தளர்கிறது. அங்கு மணல் படிகிறது. மீனவர் தம் கட்டுமரங்களையும் கண்ணாடியிழைப் படகுகளையும் கரையேற்றுவது இத்தகைய மணலில்தான்.

ஆகவே, பயணிகள் காணும் அழகும் மீனவரின் தொழிலும் ஒரே இயற்கை நியதியின் விளைவுகளாகும். மணலின் இயல்பான நகர்வு தடைப்பட்டால் இரண்டும் ஒருசேரக் கெடும்.

1981-இல் பிரதமர் இந்திரா காந்தி, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தவிர்க்குமாறு கடலோர மாநிலங்களுக்கு எழுதினார். 1991-இல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியாயிற்று. 2019-ஆம் ஆண்டு அறிவிக்கையோ, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரைகளில் 200 மீட்டர் தடை எல்லையை 50 மீட்டராகக் குறைக்க வழிவகுத்தது. இவ்விதியைச் செயற்படுத்துமுன், குடாவின் மணலை நம்பி வாழ்வோரைக் கலந்து முடிவெடுப்பதே முறையாகும்.